இருட்டின் அளவு எட்டு

அத்தியாயம் 17

இந்த அத்தியாயத்தில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியது இல்லை. இசோமுரா துறைமுகத்துக் கோயில் மணியில் உள்ளங்கையை அழுத்திச் சத்தியம் செய்யலாம். ஆகஸ்ட் வெயிலில் அந்த மணி தோசைக்கல்லாகக் கொதிக்கும். கையை எடுக்காமலே செய்யலாம். முந்தைய வாரங்களில் ஒன்றிரண்டு இடத்தில் உப்பு கொஞ்சம் தூக்கலாக விழுந்திருக்கலாம். இந்த வாரம் அப்படி இல்லை.

விட்ட இடம் நினைவிருக்கும். வெள்ளை எல்.இ.டி விளக்குக்கு வேண்டிய மஞ்சள் பொடியைச் செய்வது பாந்தோ குடும்பத்துப் பட்டறை. பெரியவர் கிஹெய்க்கு எழுபத்தொன்று வயது. விளக்குகளின் வெளிச்சத்தை அளக்கும் அளவை அறை மகள் சாயோவின் பொறுப்பு. அவள் புருஷன் தெய்ஜி வீட்டோடு மாப்பிள்ளை. பெண்ணோடு சேர்த்துப் பாந்தோ என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு வந்தவன். சாயோவின் அம்மா ஃபுமி மார்ச் மாதம் காலமாகிவிட்டாள்.

சனிக்கிழமை தெய்ஜியின் புது ஒரு வாட் விளக்கை அளந்தார்கள். ஒரு வாட் மின்சாரத்துக்கு நூற்றைம்பத்தொரு லூமென் வெளிச்சம். ஒசாகாவில் அறுவை அறை விளக்குகள் செய்யும் கம்பெனி கேட்டது நூற்றைம்பது. பட்டறையே பீர் குடித்தது. சாயோ மட்டும் தன் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

ஏன் கவிழ்த்தாள் என்று பல வாசகிகள் கேட்டு எழுதியிருந்தார்கள். அன்றைக்கு அவளுக்கே தெரியாது.

*

திங்கட்கிழமை, ஆகஸ்ட் பதின்மூன்று. விடிவதற்கு முன்னால் மலைப்பக்கம் ஒரே ஒரு இடி விழுந்தது. மழை இல்லை.

இறந்தவர்கள் வீடு திரும்பும் போன் பண்டிகையின் முதல் நாள் அது. மற்ற வீடுகளில் பூப்போட்ட காகிதக் கூண்டு விளக்கு தொங்கும். அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் மட்டும் வெறும் வெள்ளை. புதிதாகப் போனவர்களுக்குத் திரும்பும் வழி இன்னும் பழகியிருக்காதல்லவா.

தெய்ஜி முக்காலிமேல் நின்றான். கிஹெயின் முழங்கால் முக்காலியெல்லாம் ஏறி மூன்று வருஷம் ஆயிற்று. வாய் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

"இடது பக்கம் நகர்த்து. உன் இடது இல்ல மாப்பிள்ள, என் இடது."

"சொல்லிட்டா நகர்த்திடறேன் முதலாளி."

"அஞ்சு வருஷமா எனக்கு எதிர்ல நின்னே பழகிட்ட. அதான் பக்கம் தெரியல."

"உள்ள மெழுகுவர்த்திக்குப் பதிலா நம்ம விளக்கையே வெச்சா என்ன? வெள்ளையா, பளிச்சுன்னு..."

"அதப் பாத்தா ஆஸ்பத்திரின்னு நெனச்சு அவ திரும்பிப் போயிடுவா."

தெய்ஜி மெழுகுவர்த்தியைச் செருகினான். ஏற்றவில்லை. அந்தி சாய்ந்த பிறகுதான் ஏற்ற வேண்டும்.

சாயோ சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஜில்லுன்னு சாப்பிடற சேமியாவுக்குப் போட ஐஸ் இல்ல. எல்லாம் தண்ணியாக் கெடக்கு. ஃப்ரிட்ஜ் கதவ யாரு சரியா மூடாம விட்டது?"

ரெண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் அவர்கள் ஒத்துப்போன சில தருணங்களில் அது ஒன்று.

தொழிலாளிகள் பதினாலு பேரும் நகரத்துக்குத் திருவிழா ஆட்டம் ஆடப் போய்விட்டார்கள். உலை அணைந்து கிடந்தது. பட்டறை இவ்வளவு அமைதியாக இருந்து சாயோ கேட்டதில்லை. சுவரிலிருந்து எப்போதும் வரும் மெல்லிய ரீங்காரம்கூட இல்லை. சில்வண்டுகள்தான் அந்த இடத்தையும் சேர்த்து நிரப்பிக்கொண்டிருந்தன.

*

ஒசாகாவிலிருந்து ஓசுமி இரண்டு மணிக்கு வந்தார். ஒல்லியான மனிதர், வேர்வையை ஒற்றிய கைக்குட்டையை ஒவ்வொரு தடவையும் நான்காக மடித்துத்தான் உள்ளே வைப்பார்.

"வாசல்ல இருக்கற மெஷின்ல காசு போட்டேன். ஜில்லுன்னு ஒரு டீ கேட்டேன். காசை மட்டும் வாங்கிக்கிச்சு."

"எங்க ஊர்ல தனுக்கி வேல அது," என்றார் கிஹெய்.

தனுக்கி நரிக்கும் நாய்க்கும் நடுவில் ஒரு முகம் கொண்ட பிராணி. மனிதரை ஏய்ப்பது அதற்குப் பொழுதுபோக்கு. அந்தப் பக்கத்தில் காணாமல் போகும் எதற்கும் அதுவே பொறுப்பு.

"அப்ப கணக்கை அதுகிட்ட கேட்டுக்கறேன்," என்று ஓசுமி சிரிக்காமல் தலையசைத்தார். "விளக்கைப் பத்திச் சொல்லுங்க."

தெய்ஜி விளக்கினான். உள்ளே இருப்பது நீல வெளிச்சம் தரும் ஒரு சில்லு. அதன்மேல் மஞ்சள் பொடியை அப்பினால் நீலமும் மஞ்சளும் கலந்து வெள்ளையாகத் தெரியும். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பொடியில் பட்ட வெளிச்சத்தில் ஒரு பங்கு பின்னால் திரும்பி, வந்த சில்லிலேயே விழுந்து வெறும் சூடாகப் போகிறது. அவன் பொடியைச் சில்லிலிருந்து அரிசி அளவு தள்ளி வைத்தான். குருணையைக் கொஞ்சம் பெரிதாக்கினான். திரும்புவது குறைந்தது.

"ஒட்டிக்கிட்டே இருந்தா சூடுதான், தள்ளி இருந்தாத்தான் பிரகாசம்," என்றார் கிஹெய். "வீட்டோட மாப்பிள்ளையா இருந்து கண்டுபிடிச்சிருக்கான்."

"அளந்துடலாமா?" என்றார் ஓசுமி. "நூத்தம்பது காட்டினா இன்னிக்கே கையெழுத்து. நான் ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்."

காட்டாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. பண்டிகை முடிந்த மறுநாள் பதினேழாம் தேதி பக்கத்து ஊர்ப் பெரிய கம்பெனிக்காரர்கள் பத்திரத்தோடு வருவார்கள். அவர்களுக்கு வேண்டியது இடம்தான். பட்டறை வேண்டாம், பதினாலு பேர் வேண்டாம். அளவை அறையில் நிற்கும் பூசணி நிச்சயமாக வேண்டாம்.

*

பூசணி என்பது இரண்டு மீட்டர் உயரமான உள்ளீடற்ற இரும்பு உருண்டை. அலமாரிக் கதவுபோல இரண்டு பாதியாகத் திறக்கும். உள்சுவர் முழுக்க வெள்ளைப் பூச்சு. நடுவில் விளக்கைத் தொங்கவிட்டு மூடினால் வெளிச்சம் சுவரில் மோதி மோதி எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவும். சுவரில் ஒரு சின்ன ஜன்னல், அதில் மீட்டர். மீட்டர் ஃபுமி காலத்தது. மின்சாரம் வேண்டாம், வெளிச்சம் பட்டால் முள் தானாக நகரும். "கரண்டு குடிக்கற மீட்டர் குடிச்சதுக்காகவாவது எதையாவது உளறும்," என்பாள் அவள்.

முப்பது வருஷம் அந்த அறை அவளுடையது. வருஷம் தவறாமல் பண்டிகைக்கு முந்தின நாள், தோளில் மருந்துப் பட்டையை ஒட்டிக்கொண்டு உள்ளே போய்த் தன் கையால் வெள்ளையடிப்பாள். சின்ன வயதில் சாயோ அதற்குள் ஒளிந்துகொள்வாள். ஃபுமி திட்ட மாட்டாள். கதவைத் திறந்து, "கொஞ்சம் வெளிய இரு கண்ணு, அளக்கணும்," என்பாள். அவ்வளவுதான்.

அவளுடைய பதிவேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் முதல் வரியும் ஒன்றே. "இருட்டு: 0.0." விளக்கை ஏற்றுமுன் இருட்டை அளக்க வேண்டும். இருட்டிலேயே முள் எதையாவது காட்டினால், கடைசியில் வரும் கணக்கிலிருந்து அதைக் கழித்துவிட வேண்டும்.

மார்ச்சுக்குப் பிறகு சாயோ அந்த வரியை எழுதவில்லை. முப்பது வருஷம் பூஜ்ஜியமாகவே வந்ததைத் திரும்பத் திரும்ப எதற்கு அளக்க வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த வரியில் தன் கையெழுத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

இன்று ஓசுமி பக்கத்தில் நின்றார். பழைய பக்கங்களைப் புரட்டினார்.

"முன்னாடி இருந்தவங்க இருட்டை எழுதியிருக்காங்க. நீங்க எழுதலயே."

"இப்ப எழுதறேன்," என்றாள் சாயோ. கோப்பையைக் கவிழ்த்தது எதற்கு என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

தெய்ஜி அறைக் கதவைச் சாத்தினான். கும்மிருட்டு. நண்பகல் தாண்டி இரண்டு மணிநேரம்தான் ஆகியிருந்தது என்பதை உடம்பு மறந்துவிட்டது. பூசணி மூடியிருந்தது, விளக்கு இணைக்கப்படவே இல்லை. சாயோ கைவிளக்கின் முன் விரலை வைத்து மறைத்து, மீட்டர்மேல் கீற்றாக அடித்தாள்.

முள் எட்டில் நின்றது.

கைவிளக்கை அணைத்தாள். பத்து எண்ணிவிட்டு மறுபடி பார்த்தாள். எட்டு. மீட்டரை விரலால் தட்டினாள். முள் நடுங்கிவிட்டு எட்டுக்கே திரும்பியது.

"எங்கயாவது வெளிச்சம் கசியுதா?" என்றார் ஓசுமி.

"கசிஞ்சா நமக்கும் தெரியணுமே," என்ற தெய்ஜியின் குரல் கீச்சென்று வந்தது.

சாயோ பூசணியின் கொண்டியை விலக்கினாள். பாதி உருண்டை மெல்லத் திறந்தது.

உள்ளே வெளிச்சம் இருந்தது. விளக்கு இல்லை, வெளிச்சம் மட்டும். பால் ஆடை படிந்ததுபோலச் சுவரெல்லாம் மங்கலான வெள்ளை. ஓசுமி கையை உள்ளே நீட்டினார். கை தெரிந்தது. அதன் நிழல் எங்கும் விழவில்லை.

அவர் கையை வெளியே எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, நான்காக மடித்து வைத்தார்.

*

"முதல்ல விளக்கையும் அளந்துடுங்க," என்றார்.

அளந்தார்கள். தெய்ஜி ஸ்விட்சைப் போட்டான். நூற்றைம்பத்தொன்று. சாயோ தாளில் எழுதினாள். அடுத்த கட்டத்தில் எட்டு எழுதினாள். கழித்தால் நூற்றி நாற்பத்துமூன்று.

தெய்ஜி அவளைப் பெஞ்சுப் பக்கம் இழுத்தான். "அவர் நம்ம வாயைப் பாத்துக்கிட்டு நிக்கறார். ஏதோ கசிவு, சரி பண்ணிட்டோம்னு சொல்லிட்டா முடிஞ்சுது."

"ஒசாகால அவங்க உருண்டையில போட்டு அளப்பாங்க. அங்க நூத்தி நாப்பத்துமூணுதான் வரும். கீழ என் பேர் இருக்கும்."

"பதினாலு பேர் சாயோ."

"தெரியும்."

சாயோ பூச்சை மோந்து பார்த்தாள். புதிய வாசனை. அதற்கடியில் தோள்வலிப் பட்டையின் வாசனை. வாசலில் கல்மேல் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போனாள். தெய்ஜியும் ஓசுமியும் பின்னால் வந்தார்கள்.

"அப்பா. பூசணிக்கு வெள்ளையடிச்சிருக்கு. அந்தப் பூச்சில என்ன கலந்தீங்க?"

கிஹெய் தனுக்கியைச் சொல்ல வாயெடுத்தார். மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"உங்கம்மாவ," என்றார்.

எரித்த பிறகு எலும்புகளைப் பொறுக்கிக் கலயத்தில் வைப்பது அங்கத்து வழக்கம். நாற்பத்தொன்பதாம் நாள், யாரும் பார்க்காதபோது, அதிலிருந்து தொண்டை எலும்பை மட்டும் எடுத்திருக்கிறார். அந்தக் காலத்து ட்யூப்லைட்டுக்குள் பூசுகிற பொடியும் எலும்பும் கிட்டத்தட்ட ஒரே சரக்கு. நாற்பது வருஷம் அதைச் சுட்டு விற்றவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அரைத்து, பளிச்சிட வைக்கும் சரக்கில் ஒரு சிட்டிகை சேர்த்து, உலையில் ஒரு பகலும் ஒரு மாலையும் சுட்டு, வெள்ளைப் பூச்சு டப்பாவில் கலந்துவிட்டார்.

"முப்பது வருஷம் அந்த ரூம்ல இருந்தா. கல்லறைல அவளுக்கு என்ன வேல இருக்கு?"

தெய்ஜி தரையில் உட்கார்ந்துவிட்டான். "அப்பா," என்றான். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக முதலாளி என்ற சொல் அவனுக்குக் கிடைக்கவில்லை. "அப்பா, அத்தனையும் அவங்களா? அந்த எட்டு?"

"எட்டுதான் வந்துச்சா," என்றார் கிஹெய், கொஞ்சம் மனக்குறையோடு. "நான் இன்னும் எதிர்பார்த்தேன்."

ஓசுமி தொண்டையைச் செருமினார்.

"உங்க மாப்பிள்ளை விளக்கு ஒரு வாட்டுக்கு நூத்தி நாப்பத்துமூணு. நல்ல விளக்கு. ஆனா உள்ள இருக்கறவங்க மின்சாரமே வாங்காம எட்டு தர்றாங்க. எட்டைப் பூஜ்ஜியத்தால வகுத்தா என்ன வரும்னு எங்க கம்பெனில கேட்டா என்னை லீவுல அனுப்பிடுவாங்க." நிறுத்தினார். "அதை விப்பீங்களா?"

"என் பொண்டாட்டிய," என்றார் கிஹெய்.

"மன்னிக்கணும்." அவர் இடுப்புவரை குனிந்தார். நிமிர்ந்தபோது குரல் பழையபடி ஆகியிருந்தது. "எனக்கு இருட்டு பூஜ்ஜியமா வேணும். சுவரைச் சுரண்டிட்டு, வேற வெள்ளை அடிச்சு, மறுபடி அளங்க. நூத்தம்பது வந்தா கையெழுத்து. வரலன்னா வணக்கம் சொல்லிட்டுக் கெளம்பறேன்."

*

சாயோ சுரண்டும் தகட்டை எடுத்துக்கொண்டு வந்தபோது கிஹெய் அறை வாசலில் காலை நீட்டிக் குறுக்கே உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்குத்தான் வீட்டுக்கு வரப்போறா. இன்னிக்கே சுரண்டி வாளில போடணுமா?"

"இருட்டை அளக்காம விட்டது நான் செஞ்ச தப்பு அப்பா. அளந்தப்பறம் கழிக்காம விட்டா அம்மா என்னை வீட்டுக்குள்ள சேப்பாங்களா?"

கிஹெய் வலிக்கும் முழங்காலைக் கையால் தூக்கி ஓரமாக வைத்தார்.

சாயோ பூசணிக்குள் நுழைந்தாள். "மூடுங்க," என்றாள். தெய்ஜி தயங்கித் தயங்கி மூடினான்.

உள்ளே மூலை என்று ஒன்று இல்லை. சுவர் மூக்குக்கு நேரே இருக்கிறதா, ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிறதா என்று தெரியவில்லை. காலடியில் நிழல் இல்லாததால் நிற்கிறோமா மிதக்கிறோமா என்றும் புரியவில்லை. மூச்சு விட்டாள். இன்னொரு மூச்சும் கேட்டது. எதிரொலி என்று சொல்லிக்கொண்டாள். உருண்டைக்குள் எதிரொலி வரும். ஆனால் இவள் மூச்சை நிறுத்திய பிறகு வந்திருக்கக் கூடாது.

கிட்டே போய்த் தூரிகைத் தடங்களைப் பார்த்தாள். வலக்கையால் பூசினால் தடம் இடமிருந்து வலப்பக்கமாக ஏறும். இவை வலமிருந்து இடப்பக்கமாக ஏறியிருந்தன. ஃபுமி இடக்கைக்காரி. அப்பா வலக்கைக்காரர்.

தகட்டைச் சுவரில் வைத்தாள். கை அழுத்தவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியாது. கடைசியில் தகட்டைக் கீழே போட்டாள். அந்த அறையில் சொல்வதற்கு அவளுக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"கொஞ்சம் வெளிய இரும்மா. அளக்கணும்."

வெளிச்சம் அணையவில்லை. கிளம்பியது. முதலில் காலடியில், பிறகு பக்கங்களில், மெதுவாக, முட்டி வலிக்காரர் கையை ஊன்றி எழுந்திருப்பதுபோல. தோள்வலிப் பட்டையின் வாசனை அவள் கன்னத்தை உரசிக்கொண்டு போயிற்று. கொண்டி தானாக விலகியது. கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து, மறுபடி சாத்திக்கொண்டது.

அவள் கும்மிருட்டில் நின்றாள்.

"நீயா திறந்த?" என்றான் வெளியே தெய்ஜி.

"இல்ல," என்றாள். "மீட்டரைப் பாரு."

"பூஜ்ஜியம்," என்றான். கொஞ்சம் கழித்து, "பூஜ்ஜியம் புள்ளி பூஜ்ஜியம்."

*

சாயோ தன் கையால் எழுதினாள்: "இருட்டு: 0.0." ஓசுமி குனிந்து முள்ளைப் பார்த்து, பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார். தெய்ஜி விளக்கை மாட்டி, பூசணியை மூடி, ஸ்விட்சைப் போட்டான்.

முள் எழுந்தது. நூற்றிருபதில் மூச்சு வாங்கியது. நூற்றி நாற்பதைத் தாண்டியது. நாற்பத்துமூன்றில் நிற்கும் என்று மூன்று பேரும் எதிர்பார்த்தார்கள். நிற்கவில்லை. நூற்றைம்பத்தொன்றுக்குப் போய் அங்கே அசையாமல் நின்றது.

விளக்கை அணைத்தார்கள். பூஜ்ஜியம். ஏற்றினார்கள். நூற்றைம்பத்தொன்று. ஆறு தடவை செய்தார்கள். சுவர் சும்மா இருந்தது. அந்த எட்டு இப்போது எங்கிருந்து வருகிறது என்று கேட்க மூன்று பேருக்கும் வாய் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

"ஒசாகாலயும் இதே வரணும்," என்றார் ஓசுமி.

"இருட்டை முதல்ல அளங்க," என்றாள் சாயோ. "அதை மட்டும் மறந்துடாதீங்க."

அவர் கையெழுத்துப் போட்டார். அவள் போட்டாள்.

நாலு பேரும் வாசலுக்கு வந்தபோது வெயில் இறங்கிவிட்டது. கிஹெய் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்வாரத்தில் வெள்ளைக் காகித விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காற்று இருந்தது, சுடர் ஆடவில்லை.

"யாரு ஏத்தினது?" என்றான் தெய்ஜி.

"எல்லாரும் உள்ள இருந்தோம்," என்றாள் சாயோ.

"என் முழங்காலுக்கு எட்டாது," என்றார் கிஹெய்.

ஓசுமி கடிகாரத்தைப் பார்த்து, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றார். படியிறங்கும்போது விளக்குக்கு நேராக ஒரு தடவை குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

சாயோவுக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்பா. முக்காலி ஏற முடியாதவர் பூசணி உச்சிவரைக்கும் எப்படிப் பூசினீங்க?"

"நான் எங்க பூசினேன்? டப்பால கலந்து அலமாரில வெச்சேன். அவ்வளவுதான். நீதான் பூசினேன்னு நெனச்சேன்."

சாயோ தெய்ஜியைப் பார்த்தாள். தெய்ஜி விளக்கைப் பார்த்தான்.

நடந்தது இவ்வளவும் உண்மை. சொல்ல விட்டுப்போன தகவல் ஒன்று உண்டு: அன்று விடியுமுன் விழுந்த இடியில் மலைமேல் மின்கோபுரம் சாய்ந்து, காலை நாலே முக்காலிலிருந்து இரவு எட்டு பத்து வரை இசோமுரா முழுவதிலும் மின்சாரம் இல்லை.